ஊரில் வீடு: கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் ஊர்ச் சங்கங்கள் கூடினால் முன்பெல்லாம் கோயில் திருப்பணியும் பாடசாலை மதிலும்தான் பேச்சு. இப்போது வீடும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. "நம்முடைய ஊரில் காணி இல்லாத நாலு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுப்போம்" என்று ஒருவர் எழுந்து சொல்வார், எல்லோரும் கை தட்டுவார்கள், அப்புறம் கேள்விகள் தொடங்கும். புறக்கோட்டைக் கடைகளில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகள் கேட்பது வேறு: லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைக்கப் போகிறது, அதில் என்ன கட்டலாம்? கட்டடச் செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் இரண்டு தரப்பும் என்னிடம் வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஊரே முன்னின்று கட்டுவது" என்றால் என்ன? நாங்களே கட்டிக் கொடுத்தால் ஆகாதா?

ஆகும். ஆனால் அது நன்கொடை வீடு. யார் முடிவெடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். எந்தக் குடும்பத்துக்கு, எந்த மூலையில், குசினி எந்தப் பக்கம், எந்த மேசன், பணத்தை எப்போது விடுவது என்பதையெல்லாம் அங்கே குடியிருக்கப் போகிறவர்களும் அவர்களுடைய சங்கமும் தீர்மானித்தால் அது ஊர் முன்னின்று கட்டுவது. கொழும்பில் கூட்டம் போட்டுத் தீர்மானித்துவிட்டு, ஊரில் போய்த் திறப்பு விழா வைத்தால் அது வேறு.

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளைப் போய்ப் பாருங்கள். பலவற்றின் பின்பக்கம் தகரத்திலோ கிடுகிலோ ஒரு கொட்டில் நிற்கும். படத்தில் அழகாக இருந்த குசினியில் விறகு எரிக்க முடியாததால், வீட்டுக்காரி தன் செலவில் இன்னொன்று போட்டுக்கொண்டது அது. படம் வரையுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இது வெளிநாட்டுக்காரர் சொல்லித் தந்த யோசனைதானே?

இல்லை. 1950களின் இறுதியில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத் திட்டத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, குடிவரப் போகிறவர்களிடம் அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்த பிறகே படம் வரைந்தார். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டம், அரசாங்கம் கட்டிக் கொடுக்கும் முறையை விட்டு, மக்கள் கட்டுவார்கள், அரசு கடனும் ஆலோசனையும் தரும் என்று மாறியது. அதன் நகரப் பிரிவில், கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வடிகால், பொதுக் குழாய், மலசலகூடம் கட்டும் வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் அங்கிருந்த மக்களின் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். இந்தச் சமூக ஒப்பந்த முறை இங்கிருந்துதான் ஆசியாவின் வேறு நாடுகளுக்குப் போனது.

காணியைப் பொதுவில் வைத்து வீட்டை மட்டும் குடும்பத்துக்குக் கொடுக்கும் சமூகக் காணி நம்பிக்கை நிதியம் 1969இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் இந்தியாவில் நிலத்தை ஊருக்குப் பொதுவாக்கிய வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்தைப் பார்த்து ஊக்கம் பெற்றவர்கள். ஆக, கடன் வாங்கியது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காணி யார் பெயரில் இருக்க வேண்டும்?

கூட்டங்களில் கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி இது. முதலில் கேட்க வேண்டியது.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், கொழும்பில் பணம் சேர்த்து ஊரில் நாலு பரப்புக் காணி வாங்குவார்கள். சங்கம் பதிவு செய்யப்படாததால் காணி உறுதிப் பத்திரத்தை, நல்லவர் என்று பெயரெடுத்த தலைவர் பெயரில் எழுதுவார்கள். தலைவர் நல்லவர்தான். அவர் காலமான பிறகு சட்டப்படி அந்தக் காணி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் பிள்ளைகள் கனடாவில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது.

சரி, என்ன செய்யலாம்? சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக நிற்கக்கூடிய அமைப்பு வேண்டும். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த சங்கம் தன் பெயரிலேயே காணி வைத்திருக்கலாம். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியும் அப்படியே. அறக்கட்டளை என்றால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எழுதி, பொறுப்பாளர் மாறும் முறையையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். காணி அமைப்பிடம் இருக்கும், குடும்பத்துக்கு நீண்ட காலக் குத்தகை. கோயில் காணியில் தலைமுறையாகக் குத்தகைக்கு இருக்கும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உண்டு. நமக்கு இது புதிதில்லை.

தனி உறுதி கொடுத்தால் குடும்பத்துக்கு மனநிறைவு அதிகம், வங்கிக் கடனும் எடுக்கலாம் என்பது உண்மை. எதிர்ப்பக்கமும் உண்டு. வைத்தியச் செலவோ வெளிநாட்டுப் பயணமோ வந்தால் முதலில் விலைபோவது அந்தக் காணிதான். ஐந்து குடும்பத்துக்கென்று வாங்கிய நிலத்தில் இரண்டு வீடு விடுமுறை வீடாக மாறினால் அப்புறம் என்ன செய்வது? என் கருத்து: காணி விலை ஏறிக்கொண்டிருக்கும் இடம், அதாவது நகரத்தை ஒட்டிய ஊர், கடற்கரை, சுற்றுலா வரும் இடம் என்றால் குத்தகை. உள்ளே தள்ளிய ஊர் என்றால் தனி உறுதியே போதும்.

உறுதியில் "விற்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால்?

அந்த வரி பெரும்பாலும் நிற்காது. பரம்பரை பரம்பரையாக விற்பனையைத் தடுக்கும் பழைய உறுதி முறையை 1972இலேயே சட்டம் ஒழித்துவிட்டது. விற்பனையைக் கட்டுப்படுத்த வேறு இரண்டு வழி நம்மிடம் இருக்கிறது. ஒன்று, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அரச காணி: அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மற்றது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தரும் முன்னுரிமை: பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் அறிவித்த பிறகே வெளியாருக்கு விற்கலாம். ஆனால் அது உறவுக்குத் தரும் முன்னுரிமை, ஊருக்குத் தருவதல்ல. ஊருக்கு வேண்டுமென்றால் குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: குடும்பம் விட்டுப் போனால் சங்கமே முதலில் எடுக்கும், வீட்டுக்குப் போட்ட காசை இந்தக் கணக்கில் திருப்பிக் கொடுக்கும் என்று.

எங்கள் காணி ஊரில் சும்மா கிடக்கிறது. ஒரு குடும்பத்தை இருத்தினால் பத்து வருடத்தில் அவர்களுக்கே போய்விடாதா?

இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ வளவுகள் பற்றைக்காடாகக் கிடக்கின்றன. ஆட்சியுரிமை என்பது வெறுமனே பத்து வருடம் இருந்தால் வந்துவிடுவதில்லை. உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டிருக்க வேண்டும். உங்கள் அனுமதியோடு, குத்தகையாளராக ஒருவர் இருக்கும்வரை அந்தக் கணக்கு ஓடாது. ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது சட்டம். "மாமா பார்த்துக்கொள்ளுங்கோ" என்று தொலைபேசியில் சொல்வது குத்தகை ஆகாது. ஆண்டுக்கு ஒரு ரூபாயாவது குத்தகைப் பணம் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

யுத்தத்தால் இடம்பெயர்ந்து காணியைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கென்று 2016இல் ஒரு சிறப்புச் சட்டமும் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை அப்படி விலகி இருந்த காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்காமல் விடும்படி கேட்பதற்கான வழி அது.

யாரை "உள்ளூர்க்காரர்" என்று கணக்கெடுப்பது?

இதில்தான் சண்டை வரும். கொழும்பில் இருந்துகொண்டு பெயர்ப்பட்டியல் எழுதாதீர்கள். பட்டியலை ஊரில் எழுதட்டும். நீங்கள் விதியை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஊரில் இத்தனை வருடம் குடியிருப்பு, சொந்த வீடு இல்லை, ஊரிலேயே பிழைப்பு என்று மூன்று வரி போதும். அதை சனசமூக நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். 1970களிலும் 80களிலும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் சில இடங்களில் "வந்தவர்கள்". அவர்களை வெளியே விடும் விதி எதுவாக இருந்தாலும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மலையகத்தில் ஏழு பேர்ச்சஸ் போதுமா?

ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, மலசலகூடம், கொஞ்சம் மரக்கறித் தோட்டம் அடங்கும். பிள்ளை கல்யாணம் கட்டினால் பக்கத்தில் இன்னொரு அறை இழுக்க இடம் விட்டுத்தான் வீட்டை வைக்க வேண்டும். நடுவில் கொண்டுபோய் வைத்தால் நாலு பக்கமும் வீண். இந்திய உதவித் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000, பிறகு 10,000 வீடு என்று அறிவிக்கப்பட்டது. லயங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது தொடக்கம்தான்.

அங்கே வீட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது நிலம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைகள் சரிந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். அதன் தலைமையகம் கொழும்பு 5, ஜாவத்தை வீதியில்தான் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை ஒரு அரை நாள் லீவு போட்டு எப்படி விண்ணப்பிப்பது என்று விசாரித்து வரலாம். நல்ல இடம் என்று சொன்னாலும் சரிவை நெட்டாக வெட்டி அதன் அடியில் சுவரை ஒட்டிக் கட்டுவதும், மேலிருந்து வரும் மழைநீருக்குக் கான் வெட்டாமல் விடுவதும் ஆபத்து. நிலம் சரியில்லை என்று அறிக்கை வந்தால் தோட்ட நிர்வாகத்திடம் வேறு இடம் கேட்க வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள்; தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் வழியாக இருபது குடும்பமாகக் கேட்டால் கடிதத்துக்காவது பதில் வரும்.

மின்சாரம் குறைவாகச் செலவாகும் வீடு என்றால் சோலார் போட்டால் போதும்தானே?

சோலார் கடைசி. முதலில் வெயில்.

ஒவ்வோர் ஆண்டும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 5 முதல் 15 வரை தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊராகச் சூரியன் நேர் உச்சியில் வருகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். ஓகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கித் திரும்பவும் இறங்கி வரும். அதாவது நம் நாட்டில் வீட்டைச் சுடுவது முதலில் கூரை, அடுத்தது காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் அடிக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்கள். ஆகவே வீட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். மேற்கில் குளியலறையோ களஞ்சியமோ வரட்டும், படுக்கையறை வேண்டாம். எதிரெதிராக யன்னல். மேலே காற்றுப் போக ஓட்டை. கூரை சுவரைத் தாண்டி மூன்று அடியாவது வெளியே நீள வேண்டும். இதற்கெல்லாம் காசு இல்லை, படம் வரையும்போது யோசித்தால் போதும். அத்திவாரம் வெட்டிய பிறகு யோசித்தால் பெரிய காசு.

நுவரெலியாப் பக்கம் இது தலைகீழ். அங்கே காற்றோட்டத்தைவிடச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் தேவை: கூரைக்கு அடியில் சீலிங், இடுக்கில்லாத கதவு, காலை வெயில் விழும் பக்கம் யன்னல். யாழ்ப்பாணத்து வீட்டுப் படத்தை ஹட்டனுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மின்சாரக் கணக்கும் ஒன்று சொல்கிறேன். சாதாரணக் கூரை மின்விசிறி 75 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 22.5 அலகு. 30 வாட் புதுவகை விசிறி அதே வேலைக்கு 9 அலகுதான் எடுக்கும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் 60 அலகுக்குமே கூடிய கட்டணம் விழும் முறையில், எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு விசிறியே பில்லை மாற்றிவிடும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கூரைக்கு எது நல்லது?

ஓடு. பணம் இடம் கொடுத்தால் ஓடுதான்.

அஸ்பெஸ்டஸ் சீற் மலிவு, விரைவு. ஆனால் பகலில் கீழே இருக்க முடியாது, உடைந்தால் வரும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஏற்கெனவே போட்டிருந்தால் அதைக் கழற்றி உடைப்பதைவிட அப்படியே விட்டு மேலே ஏதாவது போடுவது நல்லது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தான் வடிவமைத்த வீடுகளில் இதைத்தான் ஓர் உத்தியாக்கினார்: நெளிவுச் சீற்றின் பள்ளங்களில் அரைவட்ட நாட்டு ஓட்டை அடுக்கினார். சீற் ஒழுக்கைத் தடுத்தது, ஓடு வெயிலைத் தாங்கியது. கொழும்பு 3, 33ஆம் லேனில் இருக்கும் அவருடைய வீட்டை முன்பதிவு செய்து போய்ப் பார்க்கலாம். பணக்கார வீடுதான், ஆனால் காற்றும் நிழலும் உள்ளே வரும் விதத்தைப் பார்த்து ஊரில் செய்யச் செலவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் நடுமுற்றத்தை வைத்து அதே வேலையைத்தான் செய்தது.

மட்டக்களப்புப் பக்கம் என்றால் 1978 நவம்பர் சூறாவளியை மனதில் வைத்துக் கூரை மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள். வடக்கில் கூரைக்குப் பனஞ்சிலாகையை வெல்ல மரமில்லை. ஆனால் பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும்.

மண் கல்லில் கட்டினால் மழையில் கரையாதா?

வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரை நினைத்துக் கேட்கிறீர்கள். நான் சொல்வது அமுக்கிய மண் கல். மண்ணோடு ஐந்து முதல் பத்து வீதம் சீமெந்து கலந்து, இயந்திரத்தில் அமுக்கி, சூளையில் சுடாமல், ஈரம் காயவிடாமல் நனைத்து வைத்துப் பதப்படுத்துவது. இதற்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரநிர்ணயமே இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லிலும், மண் கொங்கிரீட் கல்லிலும் பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் ஐரோப்பிய ஒன்றிய உதவியில் கட்டிய வீட்டுத் திட்டமொன்றில் இந்தக் கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எல்லா மண்ணும் சரிவராது. பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுமுன் அதைச் செய்யுங்கள். மேல் மண்ணை ஒன்றரை அடி ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, லேபல் கிழித்த தண்ணீர்ப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் இறங்கி நிற்கும். பேனாவால் ஒரு கோடு. அரை மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும், இன்னொரு கோடு. களி அடுத்த நாள்தான் முழுக்க இறங்கும். மொத்தப் படிவில் பாதிக்கு மேல் மணலும் கால்பங்கோ அதற்குக் குறைவோ களியும் இருந்தால் நல்ல மண். களி கூடினால் மணல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காயும்போது கல் வெடிக்கும்.

அப்புறம், எந்த மண் சுவருக்கும் அடியில் கருங்கல் அத்திவாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர வேண்டும். மழை தெறிக்கும் இடம் அதுதான்.

ஏழைகளுக்கு மண் வீடு, உங்களுக்குக் கொங்கிரீட் வீடா?

நியாயமான கேள்வி. ஒரு குடும்பம் புளொக் கல்தான் வேண்டும் என்றால் புளொக் கல்தான். அவர்கள் அதில் நாற்பது வருடம் இருக்கப் போகிறார்கள், நாம் திறப்பு விழாவில் நாற்பது நிமிடம். மண் கல்லை நம்பவைக்க வேண்டுமென்றால் சனசமூக நிலையத்தின் புதுக் கட்டடத்தையோ, சங்கத் தலைவரின் வீட்டு முன்சுவரையோ முதலில் அதில் கட்டுங்கள்.

குசினிக்கு என்ன செய்வது?

வீட்டுக்காரியிடம் கேளுங்கள். ஊரில் இன்னும் பெரும்பாலும் விறகுதான். 2022இல் காஸ் இல்லாமல் கொழும்பு மாடிகளிலேயே விறகு தேடியவர்கள் உண்டு. புகைபோக்கியும், இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பும் இருந்தால் விறகும் குறையும், இருமலும் குறையும். குசினிக்கு வீட்டின் மற்ற அறைகளை நோக்கிக் காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்து இடம் கொடுங்கள். வன்னியில் பலர் குசினியைத் தனியாகவே விரும்புவார்கள்.

தண்ணீர்?

550 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 51 சதுர மீற்றர். 20 மில்லிமீற்றர் மழைக்கு, வீணாவது போக, சுமார் 800 லீற்றர் பிடிக்கலாம். பீலியும் தொட்டியும் முதல் நாளே திட்டத்தில் இருக்கட்டும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி என்பது ஊரறிந்த கணக்கு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் அதுவும் போதாது, அடியில் வெடிப்பு வழியே எல்லாம் ஓடும். அங்கே அடி மூடிய தொட்டியே கட்டுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்தால் தலைவலி இல்லையே?

உங்களுக்குத் தலைவலி இல்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாயைக் கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். கட்டியது குடும்பம், பார்த்தது தொழில்நுட்ப உத்தியோகத்தர். அந்த முறை வேலை செய்தது. அதில் கடன்பட்டவர்களும் உண்டு: சாமான் விலை ஏறியது, சிலர் கொடுத்த அளவைவிடப் பெரிதாக அத்திவாரம் போட்டார்கள், நகை அடகுக்குப் போனது. ஆகவே பணத்தைவிட அளவுக்குத்தான் காவல் வேண்டும். ஓர் அறையும் குசினியும் கூரையோடு முடிந்து பூட்டக்கூடியதாக இருக்கட்டும், மற்றது பிறகு.

நான் சொல்லும் ஒழுங்கு இப்படி: அத்திவாரம், லிண்டல் மட்டம் (கதவு, யன்னலின் மேல்விளிம்பு), கூரை, பூச்சு என்று நாலு கட்டம். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை ஊர்ச் சங்கத்தில் இருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு அடுத்த பணம். சீமெந்து, கம்பி, ஓடு ஆகியவற்றை ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கொள்முதலாக வாங்கினால் விலை பேசலாம். லொறிக் கூலியும் ஒன்றுதான். மணலுக்கு எத்தனை கியூப், எத்தனை மூட்டை சீமெந்து என்ற கணக்கைப் பலகையில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். திருடுவதற்குக் கூச்சம் வரும்.

குடும்பத்தின் பங்கு கட்டாயம் இருக்க வேண்டும், அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அத்திவாரம் வெட்டுவது, கல் நனைப்பது, மேசனுக்குக் கையுதவி. இதற்கு மேல் சிறு கடன் தேவைப்பட்டால் சீட்டுப் பிடிக்கும் பெண்கள் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். 1989இல் கொழும்புத் தோட்டங்களில் சின்னச் சின்னக் குழுக்களாகத் தொடங்கிய மகளிர் வங்கி இன்று நாடளாவிய கூட்டுறவு. வங்கி நம்பாத பெண்கள் ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுத்து, திருப்பியும் வாங்கிக் காட்டினார்கள்.

இரும்பில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடு விரைவு என்கிறார்களே?

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு, ஒவ்வொன்றும் இருபத்தொரு லட்சம் ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தது. பொறியியலாளர்களும் ஊர்மக்களும் சூடு, துரு, விலை எல்லாவற்றையும் சொல்லி எதிர்த்தார்கள், கைவிடப்பட்டது. அந்தக் காசு மேசனுக்கும் ஓட்டுக்காரருக்கும் மரம் அரிப்பவருக்கும் போகாமல் கப்பலேறியிருக்கும்.

கொழும்பு மாதிரி மாடியாகக் கட்டினால் காணி மிச்சமாகுமே?

ஆடு, கோழி, நெல் காயப்போடும் முற்றம் எல்லாம் எந்த மாடியில்? லிஃப்ட் பழுதுபார்க்கும் பணத்துக்கு மாதம் யார் கதவு தட்டுவது என்பதையும் ஊரில் ஒரு குடும்பத்திடம் கேட்டுப் பாருங்கள்.

பெயர்ப்பலகை வைக்கலாமா?

கிணற்றடியில் வையுங்கள், சின்னதாக. வீட்டு நெற்றியில் வேண்டாம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது முதலில் படிப்பது அதைத்தான்.

அப்படியானால் கொழும்பில் இருக்கும் எங்கள் வேலைதான் என்ன?

நிறைய. உறுதி பார்ப்பது: காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்த் தேட ஒரு வழக்கறிஞர் வேண்டும், அந்தச் செலவை ஊரில் யாராலும் தாங்க முடியாது. நல்ல படம் வரைந்து கொடுக்கும் ஒரு கட்டடக் கலைஞர். மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வேலையைப் பார்க்கும் தொழில்நுட்ப ஆளுக்குப் படி. மொத்தக் கொள்முதலுக்கு விலை பேசுவது. திணைக்களங்களில் போய் வரிசையில் நிற்பது. பிரதேச சபையின் கட்டட அனுமதி வரும்வரை ஊர்ச் சங்கத்துக்குத் துணை நிற்பது.

முதலில் என்னோடு பேச வருவதாக இருந்தால் என்ன கொண்டுவர வேண்டும்?

காணி உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், வீடு வரப்போகும் இடத்தில் நண்பகலிலும் மாலை நாலு மணிக்கும் எடுத்த படம், குடியிருக்கப் போகும் குடும்பத்தில் ஒருவரின் தொலைபேசி எண். மண் போத்தல் கொண்டுவந்தால் நல்லது, மூடியை இறுக்கிக் கொண்டுவாருங்கள். வீட்டுப் படம் மட்டும் வேண்டாம்.